நாய் குண்டாயிருச்சா? நம்ம செட்டிநாட்டு வீட்டுல வெச்சு எடையக் குறைக்கிறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு நம்ம பக்கம் எந்தத் தெருவுல போனாலும் ஒரு லேப் (லேப்ரடார்) திண்ணையில உருண்டு கெடக்கும், இல்லாட்டி ஒரு சப்ப மூக்கு பக் நாய் கேட்டுக்குள்ள மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கும். பாக்குறவுக "நல்லா கொழுகொழுன்னு வளத்திருக்கீக"ன்னு சொல்லிட்டுப் போவாக, நமக்கும் உச்சி குளுந்துரும். ஆனா டாக்டர்கிட்ட கேட்டா அந்தக் கொழுகொழுதான் மூட்டுவலி, சுகர், மூச்சுத்திணறல் எல்லாத்துக்கும் வாசல்னு சொல்லுவாக. அமெரிக்காவுல 48 லேப்ரடார் குட்டிகள ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஜோடியில ஒண்ணுக்கு மட்டும் 25 சதவீதம் சாப்பாட்டக் குறைச்சு ஆயுசு முழுக்க வளத்துப் பாத்தாக, 2002ல அந்த ரிசல்ட் வெளிவந்துச்சு. அளவா சாப்பிட்ட கூட்டம் கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலா உசுரோட இருந்துச்சு, மூட்டுத் தேய்மானமும் லேட்டாத்தான் வந்துச்சு. நாய் ஆயுசுல 2 வருஷம்னா சும்மாவா.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். கிண்ணத்துல போடுற சாப்பாட்டால குண்டான நாய் நம்ம ஊர்ல கம்மி, ஆளாளுக்குக் கையில குடுக்குறதால குண்டான நாய்தான் ஜாஸ்தி. அதனால நாய்க்கு டயட் போடுறதுக்கு முன்னாடி வீட்டாளுகளுக்குத்தான் போடணும், கீழ சொல்றது பாதி அதப் பத்தித்தான்.

நெசமாவே குண்டுதானா?

கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, முடி அடர்த்தியா இருக்க நாய்ல ஒண்ணும் தெரியாது. கையால தடவிப் பாக்கணும். உங்க கைய விரிச்சு, புறங்கையில விரல் எலும்ப இன்னொரு கையால தடவுங்க, லேசாத் தோல் மூடி எலும்பு கைக்குத் தட்டுப்படும்ல, நாயோட விலாவத் தடவுனா அப்படித்தான் இருக்கணும். முஷ்டிய மடக்கி மேல தடவுனா எலும்பு முட்டி முட்டி நிக்கும், அப்படி இருந்தா நாய் ரொம்ப ஒல்லி. உள்ளங்கைய, அதுவும் கட்டைவிரல் கீழ இருக்க சதையத் தடவுற மாதிரி இருந்தா சந்தேகமே இல்ல, கொழுப்புதான். அடுத்து மேல நின்னு பாருங்க, விலா முடிஞ்ச இடத்துல இடுப்பு உள்வாங்கணும். பக்கவாட்டுல பாத்தா வயிறு பின்னங்காலப் பாக்க மேல ஏறணும். மேலருந்து பாத்தா முட்டை மாதிரித் தெரிஞ்சா வேலைய ஆரம்பிச்சிரலாம்.

டாக்டருங்க இதையே 1லருந்து 9 வரைக்கும் மார்க்காப் போடுவாக. 4, 5 நல்ல அளவு. அதுக்கு மேல ஒவ்வொரு மார்க்குக்கும் சுமாரா 10 சதவீதம் கூடுதல் எடைன்னு ஒரு கணக்கு, அதாவது 8 மார்க் வாங்குன நாய் இருக்க வேண்டியத விட 30 சதவீதம் கூட இருக்கு. 42 கிலோ லேப் 8 மார்க்னா, 42ஐ 1.3ஆல வகுங்க, 32 கிலோதான் அதோட சரியான எடை. பத்துக் கிலோ அரிசிச் சிப்பத்த முதுகுல கட்டிக்கிட்டு ராத்திரி பகலாத் திரியுதுன்னு வெச்சுக்கங்க.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம்ம நாட்டு வேட்டை நாய் வெச்சிருக்கவுக மட்டும் இந்த அளவ அப்படியே பாக்கக் கூடாது, அந்த ஜாதிக்கு ரெண்டு மூணு விலா வெளிய தெரியிறதுதான் அழகு. "எலும்பு தெரியுதே, பாவம்"னு சொல்லி நெய்ச்சோறு போட்டு அதையும் லேப் ஆக்கிறாதீங்க.

எடை பாக்குறதுக்கு சின்ன நாய்னா தூக்கிக்கிட்டு வீட்டு மெஷின்ல ஏறி நின்னு, அப்புறம் நம்ம எடையக் கழிச்சாப் போதும். பெரிய நாயத் தூக்க முடியாது, இடுப்பு புடிச்சிக்கும். தெரிஞ்ச அரிசி மண்டி, சிமெண்டு கடையில தரையோட இருக்க தராசு இருக்கும், கூட்டம் இல்லாத நேரம் கேட்டா நிக்க வெக்க விடுவாக. எப்பவும் ஒரே தராசுலயே பாருங்க.

டாக்டர்கிட்ட ஒரு தடவ

இதத் தள்ளிப் போடாதீங்க. தைராய்டு கம்மியா இருந்தாலும் நாய் குண்டாகும், கூடவே முடி கொட்டி, எந்நேரமும் சோம்பிக் கெடக்கும். குஷிங்னு ஒரு ஹார்மோன் வியாதியில வயிறு மட்டும் பானையாத் தொங்கும், தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும், ஒண்ணுக்கு அடிக்கடி போகும். தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் ஓடுனாலும் பசி தாறுமாறா எடுக்கும். இதெல்லாம் இருந்தா சோத்தக் குறைச்சு மட்டும் பிரயோஜனம் இல்ல. குட்டிக்கும், சினை நாய்க்கும், பால் குடுக்குற நாய்க்கும் டயட்டே கூடாது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணுன நாய்க்குத் தேவை 20லருந்து 30 சதவீதம் கொறஞ்சிரும், ஆனா பசி குறையாது, அதனால ஆபரேஷன் முடிஞ்ச கையோட அளவக் குறைச்சிரணும். லேப் வெச்சிருக்கவுகளுக்கு ஒரு ஆறுதல்: 2016ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காரவுக கண்டுபுடிச்சாக, நாலு லேப்ல ஒண்ணுக்கு பி.ஓ.எம்.சி.ங்கிற ஜீன்ல ஒரு துண்டு இல்லையாம், அதனால வயிறு நெறஞ்ச உணர்வு அதுகளுக்குச் சரியா வர்றதில்ல. அதான் சில லேப் அண்டாவக் கவுத்தாலும் இன்னும் கேக்குது. பசிக்குதுன்னு அது சொல்றத நம்புனீங்கன்னா ஒருநாளும் எடை குறையாது.

யாரு யாரு என்ன குடுக்குறாக

இதுதான் இருக்குறதுலயே பெரிய வேலை. மூணு நாளைக்கு ஒரு நோட்டு எடுத்து நாய் கிண்ணத்துக்குப் பக்கத்துல தொங்க விடுங்க, நாய் வாய்க்குள்ள என்ன போனாலும் அதுல எழுதணும்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லுங்க. யாரையும் திட்டக் கூடாது, திட்டுனா எழுத மாட்டாக, ஒளிச்சுக் குடுப்பாக.

நம்ம வீட்டமைப்பு வேற தெரியும்ல, முகப்புல ஐயா ஈசி சேர்ல உக்காந்து காபியோட பிஸ்கட் சாப்பிடுவாக, ஒண்ணு அவுகளுக்கு ஒண்ணு நாய்க்கு. அங்கிட்டு முடிஞ்சதும் அது நேரா வளவத் தாண்டி ரெண்டாங்கட்டுக்குப் போகும், அங்க அப்பத்தா இட்லியப் பிச்சுப் போடுவாக. அடுப்படியில சமையல் அக்கா பால் ஏடு வெப்பாக. பின்கட்டுல பாத்திரம் கழுவுற எடத்துல மிச்சக் கொழம்புச் சோறு. சாயங்காலம் வாட்ச்மேன் அண்ணன் டீக்கடையிலருந்து வடை. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது, ஏன்னா முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் அம்புட்டுத் தூரம், நாய்க்கு மட்டுந்தான் ஃபுல் ரூட்டும் மனப்பாடம்.

இப்ப இதுக்குக் கணக்குப் பாப்போம். ஒரு சின்ன இட்லி சுமார் 55 கலோரி, ஒரு மாரி பிஸ்கட் 25, நூறு மில்லி பால் 60, வெறும் சோறு நூறு கிராம் 130, நெய் ஒரு டீஸ்பூன் 45, எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120. எட்டுக் கிலோ இருக்க வேண்டிய பக் ஒண்ணு எடை குறையணும்னா ஒரு நாளைக்கு அதுக்கு 333 கலோரிதான் (எப்படின்னு அடுத்து வருது). ரெண்டு இட்லி, நாலு பிஸ்கட், கொஞ்சம் பால் உள்ள போயிருச்சுன்னா 270 தீந்துச்சு. கிண்ணத்துச் சாப்பாடு இன்னும் வைக்கவே இல்ல.

எவ்வளவு போடணும்

கால்குலேட்டர் எடுங்க, செல்போன்ல இருக்கதே போதும். நாயோட இப்பத்திய எடை வேணாம், அது இருக்க வேண்டிய எடையப் போடணும். அதே எண்ண மூணு தடவ வெச்சு ஒண்ணோட ஒண்ணு பெருக்குங்க, வர்றதுக்கு வர்க்கமூலம் ரெண்டு தடவ எடுங்க, 70ஆல பெருக்குங்க. 32 கிலோ லேப்புக்கு 32 x 32 x 32 = 32,768, ஒரு வர்க்கமூலம் 181, இன்னொண்ணு 13.45, அத 70ஆல பெருக்குனா சுமார் 940. எடை குறைக்க ஒரு நாளைக்கு இதுதான் ஆரம்ப அளவு. எல்லா நாய்க்கும் அச்சு அசலாப் பொருந்தாது, தராசப் பாத்துட்டு அப்புறம் ஏத்தி இறக்கிக்கலாம்.

இந்த 940ல பத்துல ஒரு பங்குதான் நொறுக்குத் தீனிக்கு, அதாவது 94 கலோரி. மிச்சம் 846 சத்தான சாப்பாடா இருக்கணும். நீங்க வாங்குற ட்ரை ஃபுட் பாக்கெட்டுக்குப் பின்னாடி நூறு கிராமுக்கு எவ்வளவு கலோரின்னு போட்டிருப்பாக, 360ன்னு இருந்தா நாள் முழுக்க 235 கிராம். டம்ளர், உழக்குல அளக்காதீங்க, கை தாராளமாத்தான் போகும். அடுப்படிக்கு வாங்குற கிராம் தராசு ஒண்ணு கண்டிப்பா வேணும், இந்த மொத்த வேலைக்கும் காசு செலவழிக்கலாம்னு நான் சொல்ற ஒரே பொருள் அதுதான்.

முடிஞ்சா எடை குறைக்கிறதுக்குன்னே வர்ற ஃபுட்டுக்கு மாறுங்க, அதுல புரோட்டீனும் நார்ச்சத்தும் கூட, கலோரி கம்மி. ஒரே நாள்ல மாத்தாம ஒரு வாரம் பத்து நாள்ல பழசக் குறைச்சுக் குறைச்சுப் புதுசக் கூட்டணும், இல்லாட்டி வயித்தால போகும்.

வீட்டுச் சாப்பாடுதான் போடுவேன்னு சொல்றவுகளுக்கு: சோத்தப் பாதியாக்கிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, பழைய சாப்பாட்டயே பாதியாக்குனா கலோரியோட சேந்து புரோட்டீன், கால்சியம் எல்லாம் பாதியாயிரும், கொழுப்போட சேந்து சதையும் கரையும். குறைக்க வேண்டியது அரிசிய. தோல் இல்லாத கோழி, முட்டை, கடல் மீன் முள் எடுத்தது, இதெல்லாம் உப்பு கூட இல்லாம அவிச்சுப் போடலாம், கூட பீன்ஸ், பூசணி, கேரட் அவிச்சுப் பிசைஞ்சா வயிறும் நெறயும். கால்சியம், வைட்டமின் எவ்வளவு சேக்கணும்னு மட்டும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க, அத நம்ம இஷ்டத்துக்குப் போடக் கூடாது. புரட்டாசியில, விரத நாள்ல வீட்டுல கவிச்சி இல்லன்னு சொல்லி நாய்க்கும் தயிர்ச் சோறா மலைமலையாப் போடுறாக பாருங்க, எடை ஏறுறது அந்த மாசத்துலதான். அந்த நாளுக்கு ட்ரை ஃபுட் ஸ்டாக் வெச்சுக்கங்க.

எடையத் தாண்டி, உசுருக்கே ஆபத்தானது சிலது நம்ம சமையல்ல இருக்கு. உப்புக்கறியா இருக்கட்டும், கோழிக் கொழம்பா இருக்கட்டும், சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாம ஒண்ணும் கெடையாது. வெங்காயம் நாய் ரத்தத்துல சிவப்பு அணுவ ஒடைக்கும், பச்சையோ வதக்குனதோ ரெண்டும் ஒண்ணுதான். பாயாசத்துல போடுற கிஸ்மிஸ் கிட்னியப் பாதிக்கும். விருந்து முடிஞ்சு எலைய எடுக்கயில வெந்த எலும்ப அள்ளிப் போடுவாக, அது ஊசி ஊசியா ஒடைஞ்சு கொடலக் கிழிக்கும், கூட வர்ற கொழுப்பால கணையம் வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனவுக உண்டு.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு சொல்லிட்டு நாய்க்குக் கொள்ளு அவிச்சு ஊத்துறவுகளும் இருக்காக. சொலவட நல்ல சொலவடதான், ஆனா கொள்ளுலயும் கலோரி இருக்கு, கணக்குக்கு மேல ஊத்துனா நாய் இன்னும் குண்டாகும், அம்புட்டுத்தான். பூச்சி மருந்து குடுத்தா எளச்சிரும்னு சொல்றதும் அப்படித்தான், பூச்சி மருந்து பூச்சிக்கு.

டப்பாவும் பணியாரச் சட்டியும்

காலையில எந்திரிச்சதும் அன்னைக்கு முழுக்க உள்ள சாப்பாட்ட நிறுத்து ஒரு மூடி போட்ட டப்பாவுல போட்டு வெச்சிருங்க. யாரு குடுக்கணும்னு ஆசைப்பட்டாலும் அந்த டப்பாவுலருந்துதான் எடுக்கணும், டப்பா காலின்னா அன்னைக்குக் கடை மூடியாச்சு. பெரியவுகள குடுக்காதீகன்னு சொல்லித் தடுத்துப் பாக்காதீங்க, நடக்காது. "பாவம்டா, வாயில்லா ஜீவன், மொகத்தப் பாத்துக்கிட்டே நிக்குதுல்ல"ன்னு அப்பத்தா சொன்னா, "இந்தாங்க அப்பத்தா, நீங்களே குடுங்க, ஆனா இதுலருந்து குடுங்க"ன்னு அவுக கையிலயே ட்ரை ஃபுட்ல பத்துக் குருணைய எண்ணிக் குடுத்துருங்க. நாய்க்குப் பத்துக் குருணையும் ஒண்ணுதான் ரெண்டு அதிரசமும் ஒண்ணுதான், குடுத்த கையத்தான் அதுக்குப் புடிக்கும். ஐயாவுக்குப் பிஸ்கட் குடுத்தே பழக்கம்னா வெள்ளரிக்காய் வில்லையா நறுக்கித் தட்டுல வெச்சிருங்க, கணக்குல சேக்க வேண்டாத அளவுதான் அதோட கலோரி.

ஒரு நாள் சாப்பாட்ட மூணு வேளையாப் பிரிச்சுக் குடுத்தா கெஞ்சுறது கொறையும். அவசரமா முழுங்குற நாய்க்கு ஆன்லைன்ல குழி குழியா ஒரு ப்ளாஸ்டிக் தட்டு விக்கிறாக, அத வாங்காதீங்க, பரண்ல கெடக்கிற பழைய குழிப்பணியாரச் சட்டிய எறக்குங்க. ஒவ்வொரு குழியிலயும் கொஞ்சம் ட்ரை ஃபுட் போட்டு வெச்சா நாக்க விட்டுத் துழாவி எடுக்கவே நேரமாகும், ஒரு நிமிஷத்துல முடியிற சாப்பாடு நல்லா இழுக்கும். சட்டி நகந்துக்கிட்டே போகும், கீழ ஈரத்துணி போட்டா நிக்கும்.

கல்யாணம், சாந்தி (அறுபதாங் கல்யாணம்), கோவில் திருவிழான்னு ஊரே வந்து எறங்கும்போது நோட்டும் டப்பாவும் செல்லாது. அந்த ரெண்டு மூணு நாள் நாயப் பின்கட்டுல இல்லாட்டி தெரிஞ்சவுக வீட்டுல விட்டுருங்க, அது அதுக்கும் நிம்மதி. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போறவுக, வாட்ச்மேன்கிட்ட மூட்டையோட ஃபுட்ட ஒப்படைக்காம ஒவ்வொரு நாளைக்கும் தனித்தனியா நிறுத்துக் கவர்ல கட்டி நாள் எழுதி வெச்சுட்டுப் போங்க.

நடை

எடை குறையிறதுல பெரும்பங்கு வாய்க்குத்தான், நடைக்குக் கொஞ்சந்தான், ஆனா சதை கரையாம இருக்கவும் மூட்டு இறுகாம இருக்கவும் நடை வேணும். முதல் வாரம் பத்து நிமிஷம் காலையில, பத்து நிமிஷம் சாயங்காலம், அதுக்கு மேல போகாதீங்க, ஓட்டம், பந்து எறியிறது, படி ஏறுறது எதுவும் வேணாம். வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டுங்க. மறுநாள் நொண்டுனாலோ எந்திரிக்கவே யோசிச்சாலோ போன வார அளவுக்கே திரும்பிருங்க.

நேரம் ரொம்ப முக்கியம். நம்ம வெயில் சொல்லவே வேணாம், அதுவும் அக்கினி நட்சத்திரத்துல சாயங்காலம் ஆறு மணிக்கும் தார் ரோடு அனல் கக்கும். புறங்கைய ரோட்டுல அஞ்சு செகண்டு வெச்சுப் பாருங்க, உங்களால வெக்க முடியலன்னா அதோட பாதமும் தாங்காது. விடிஞ்சும் விடியாம கெளம்பிருங்க. பக் மாதிரி சப்ப மூக்கு நாய்க்கு இன்னும் ஜாக்கிரதை, கழுத்துப் பட்டை போடாம நெஞ்சோட மாட்டுற பெல்ட் போடுங்க. நாக்கு அகலமா வெளிய தள்ளி, எச்சில் கெட்டியா வழிஞ்சு, ஈறு செக்கச்செவேல்னு ஆகி, காலு பின்னுச்சுன்னா அது வெயில் தாக்கம். ஒடனே நெழலுக்குக் கொண்டு போயி சாதாரணத் தண்ணிய ஒடம்பு முழுக்க ஊத்தி, காத்து வீசி, அப்படியே டாக்டர்கிட்ட போயிரணும்.

ஊருக்கு வெளிய செம்மண் பாதை பாதத்துக்கு மெத்துனு இருக்கும், ஆனா ஓரத்துல நெருஞ்சியும் கருவேல முள்ளும் கெடக்கும். வீட்டுக்கு வந்ததும் நாலு பாதத்தையும் தூக்கி வெரலிடுக்குல பாருங்க. திடீர்னு நடக்க மாட்டேன்னு உக்காந்தா சோம்பேறின்னு இழுக்காதீங்க, முக்காவாசி முள்ளாத்தான் இருக்கும்.

நீந்துறது குண்டு நாய்க்கு நல்லது, மூட்டுல பாரம் விழாது. அதுக்காக ஊருணியில எறக்கிறாதீங்க, நம்ம ஊருணி பலது குடிதண்ணி, ஊரே சண்டைக்கு வரும், வரணும். கண்மாயில தண்ணி கெடந்தா சரிவான கரையாப் பாத்து, நீளக் கயித்தோட, நெஞ்சளவு தண்ணியில நடக்க விட்டாலே போதும். எலிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கணும்.

மழைக் காலத்துல வெளிய போக முடியலன்னா வீடே கிரவுண்டுதான். முன்வாசல்ல ஒருத்தர், பின்வாசல்ல ஒருத்தர் நின்னு மாத்தி மாத்திக் கூப்புட்டு ஆளுக்கொரு குருணை குடுங்க, டப்பாவுலருந்துதான், அந்த நீளத்துக்கு நாலஞ்சு தடவ போயிட்டு வந்தாலே மூச்சு வாங்கிரும். ஒரே சிக்கல் ஆத்தங்குடிக் கல்லு. கண்ணாடி மாதிரி தேஞ்ச தரையில குண்டு நாய் வேகமாத் திரும்புனா பின்னங்கால் வழுக்கி முட்டி ஜவ்வு கிழிஞ்சிரும், அப்புறம் மாசக் கணக்குல நடையே கெடையாது. போற வழியில சாக்கையோ கால்மிதியையோ வரிசையா விரிச்சிருங்க, நகத்தையும் வெட்டி விடுங்க.

தராசு என்ன சொல்லுது

வாரத்துக்கு ஒரு தடவ, இல்லாட்டி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, காலையில வெறும் வயித்துல எடை போட்டு அதே நோட்டுல எழுதுங்க. வாரத்துக்கு ஒடம்பெடையில 1லருந்து 2 சதவீதம் குறைஞ்சா சரி, 42 கிலோ நாய்க்கு அது 400 கிராம்லருந்து 800 கிராம். அத விட வேகமாக் குறைஞ்சா சாப்பாட்டக் கூட்டணும். பத்துக் கிலோ எறங்க ஆறு மாசம் ஆனா அது லேட்டு இல்ல.

ரெண்டு மூணு வாரமா முள்ளு அசையலன்னா ஒடனே அளவக் குறைக்காதீங்க, முதல்ல ஓட்டை எங்கன்னு பாருங்க. பக்கத்து வீட்டுச் சின்னப்புள்ள கேட்டு வழியா முறுக்கு குடுக்குதா, பூனைக்கு வெச்ச பாலு யாரு குடிக்கிறா, மாத்திரைய எதுல வெச்சுக் குடுக்குறீங்க. எல்லாம் அடைச்ச பொறகும் எறங்கலன்னா 5லருந்து 10 சதவீதம் குறைங்க. அதுக்கும் மசியலன்னா தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சான்னு டாக்டர்கிட்ட மறுபடி கேளுங்க.

நெனச்ச எடை வந்ததும் பழைய அளவுக்குப் போயிரக் கூடாது. பத்து சதவீதம் கூட்டி ரெண்டு வாரம் பாருங்க, இன்னும் எறங்குனா இன்னொரு பத்து, எடை ஒரே எடத்துல நின்னா அதுதான் அதோட அளவு. அப்புறம் மாசம் ஒரு எடை போதும், டப்பா மட்டும் அப்படியே இருக்கட்டும், சிங்கப்பூர்லருந்து லீவுக்கு வர்றவுககிட்டயும் வந்தன்னைக்கே டப்பாவக் காட்டிருங்க.